வீட்டில் எந்தப் பாஷையில் பேசுவது? – பக்கவாதமும் பேச்சும்: பர்மாத் தமிழ் வாசகர் கேள்விகள்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. எப்போது திரும்பும்? (பெகு)

எந்தப் பக்கம் விழுந்தது, எத்தனை நாள் ஆயிற்று, நீங்கள் சொல்வது அவருக்குப் புரிகிறதா? மூன்றில் ஒன்றையும் எழுதாமல் கேட்டால் ஜோசியர்கூடத் திணறுவார். பொதுவாகச் சொன்னால், முதல் மூன்று மாதம் முன்னேற்றம் வேகமாகத் தெரியும். அப்புறம் மெதுவாக, வருடக்கணக்கில் நடக்கும். மூன்று மாதத்தில் வராதது இனி வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

அத்தைக்குப் பேச்சு குழறுகிறது. நாக்கில் வசம்பு தேய்க்கலாமா? புறா ரத்தம் தடவச் சொல்கிறார்களே? (தட்டோன்)

இரண்டும் வேண்டாம். வார்த்தை சரியாக இருந்து உச்சரிப்பு மட்டும் குழறினால் அது தசையின் பலவீனம். தசை நன்றாக இருந்தும் வார்த்தை கிடைக்காமல் தவித்தால், அல்லது 'சாவி' என்று சொல்ல வந்து 'சட்டை' என்றால் அது அஃபேசியா. இரண்டுக்கும் பயிற்சி வேறு. எதுவானாலும் விழுங்கத் தடுமாறுகிறவர் வாயில் எதையாவது தேய்த்தால் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கலாம்.

மாமாவுக்கு வாதம் வந்து ஐந்து மாதம். இரண்டு பாஷை குழப்பும், இனி பர்மியம் மட்டும் பேசுங்கள் என்கிறார்கள். எங்கள் வீட்டில் தமிழ்தான். என்ன செய்வது? (மோல்மேன்)

இந்த யோசனையை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை, வருடத்துக்குப் பத்துக் குடும்பமாவது இதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறது. ஒரு பாஷையைப் பிடுங்கிவிட்டால் இன்னொன்று செழிக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. மூளையில் தமிழுக்கு ஓர் அறை, பர்மியத்துக்கு ஓர் அறை என்று கட்டிவைக்கவில்லை. அதனால் அநேகம் பேருக்கு இரண்டும் சேர்ந்தே அடிபடும், சேர்ந்தே திரும்பும். சிலருக்கு மட்டும் ஒன்று முந்தும். சிறுவயதுப் பாஷைதான் நிலைக்கும் என்று 1880களில் ரிபோ என்ற பிரெஞ்சு உளவியல் அறிஞர் சொன்னார். இல்லை, தினமும் புழங்கியதுதான் முதலில் வரும் என்று 1895இல் பித்ர் என்ற பிரெஞ்சு டாக்டர் சொன்னார். இருவர் கணக்குக்கும் பொருந்தும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன், பொருந்தாதவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பலசரக்குக் கடைக்காரர் ஒருவர். நாற்பது வருடம் கல்லாவில் பர்மியம்தான். வாதம் வந்த பிறகு ஓர் ஆஸ்பத்திரியில் பர்மியத்திலேயே சோதித்து, 'புரிதல் இல்லை' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். நானும் பர்மியத்தில் கேட்டுப் பார்த்தேன், கூரையைப் பார்த்தார். வெளியே நின்ற மனைவியை உள்ளே கூப்பிட்டேன். அவர் "தண்ணி குடிக்கிறீங்களா?" என்றதும் இவர் இடது கையை ஆட்டி, "வே... வேணாம், டீ" என்றார். புரிதல் இல்லாத மனிதர் டீ கேட்பாரா? இரண்டு பாஷையிலும் பார்க்காமல் எழுதுவது பாதி ரிப்போர்ட். அதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் ஐந்து மாதம் அவரைக் குழந்தைபோல நடத்தியிருக்கிறது.

பர்மியத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. தொனி மாறினால் அர்த்தமே மாறிவிடும். இடப்பக்க மூளை அடிபட்டால் அந்தத் தொனியும் குலையலாம். தமிழில் அந்தத் தொல்லை இல்லை. பதிலுக்கு விகுதி உதிரும்: 'நான் கடைக்குப் போனேன்' என்பது 'நான்... கடை... போ' என்று வரும். வரட்டுமே, கருத்து வந்துவிட்டதல்லவா?

ஆக, மாமாவோடு வீட்டில் பேசும் தமிழிலேயே பேசுங்கள். மேடைத் தமிழ் வேண்டாம். 'இப்பொருளின் பெயர் யாது' என்று கேட்டால் நல்லபடி இருப்பவரே முழிப்பார். பர்மா நண்பர்கள் வந்தால் அவர்கள் பர்மியத்தில் பேசட்டும். இரண்டையும் கலந்து பேசினால் திருத்தாதீர்கள். முக்கியமாக, பரீட்சை வைக்காதீர்கள்.

அம்மாவுக்கு என் பெயர் வரவில்லை. ஆனால் பூஜையில் பாட்டை முழுசாகப் பாடுகிறார், நூறு வரை எண்ணுகிறார். நடிக்கிறாரா? (ரங்கூன்)

பெற்ற தாயைக் கேட்கிற கேள்வியா இது? பாட்டு, எண், கிழமை, ஏன் வசவுகூட, கோத்த சரம்போலத் தானாக வரும். பெயர் அப்படியில்லை, தேடி எடுக்க வேண்டும். பாடுவதற்கு வலப்பக்க மூளையும் கைகொடுக்கும். அதை வைத்துத்தான் 1973இல் அமெரிக்காவில் ராகம் இழுத்துச் சொல்லவைக்கும் பயிற்சியைக் கொண்டுவந்தார்கள். நீங்களும் 'தண்ணீ... வேணும்' என்று இழுத்து, அவருடைய இடது கையால் தாளம் தட்டச் செய்து கூடவே சொல்லுங்கள். 'நான் யாரு, சொல்லு பார்ப்போம்' மட்டும் வேண்டாம். பரீட்சை வைக்காதீர்கள் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

டீ குடித்தால் இருமுகிறார், ஆனால் மொஹிங்கா கேட்டு அடம் பிடிக்கிறார். கொடுக்கலாமா? (ரங்கூன்)

இப்போது வேண்டாம். நீர்த்தது வேகமாக ஓடும், அதுதான் டீயில் இருமல். மொஹிங்காவில் குழம்பு முன்னால் ஓடும், நூடுல்ஸ் வாயிலேயே நிற்கும். விழுங்கத் தடுமாறுகிறவருக்கு இதைவிடக் கஷ்டமான சாப்பாடு குறைவு. விழுங்கும் சோதனையை முதலில் டாக்டரிடம் செய்துகொள்ளுங்கள். எது கொடுத்தாலும் நிமிர்த்தி உட்காரவைத்து, சின்ன ஸ்பூனில், ஒரு வாய் இறங்கிய பிறகு அடுத்த வாய். படுக்கவைத்து ஊட்டாதீர்கள். காய்ச்சல் வந்தால் நிமோனியாவாக இருக்கலாம், தாமதிக்க வேண்டாம்.

கணவர் எழுதுகிறார். அவர் எழுதியதை அவராலேயே படிக்க முடியவில்லை. இப்படி உண்டா? (மண்டலே)

உண்டு. 1892இல் தெஜெரின் என்ற பிரெஞ்சு டாக்டர் இதை விவரித்திருக்கிறார். கண்ணாடியை மாற்றி மாற்றி அலையாமல் நரம்பு டாக்டரிடம் போங்கள். எழுத்தின்மேல் விரலால் வரைந்து பார்க்கச் சொல்லுங்கள், சிலருக்கு அப்படிப் பிடிபடும்.

போன வாரம் அரை மணி நேரம் வார்த்தை வரவில்லை, தானாகச் சரியாகிவிட்டது. கவலை இல்லையே? (ரங்கூன்)

எனக்குக் கடிதம் எழுத நேரம் இருந்தது, டாக்டரிடம் போக இல்லையா? பெரிய வாதம் பின்னால் வரலாம் என்பதற்கான எச்சரிக்கை இது. அது வந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குச் சுமார் நாலரை மணி நேரம்தான் கெடு, 'தூங்கி எழுந்தால் சரியாகும்' என்பதிலேயே அது போய்விடும். இதைப் படித்து முடித்ததும் கிளம்புங்கள், சாப்பிடும் மருந்துச் சீட்டுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள்.