போர்முனைக் கடிதங்களில் ஊர்ப்பெயர் ஏன் இல்லை?

1971 போரின்போது தாத்தா வேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த பாட்டிக்கு எழுதிய கடிதங்களில் ஊர்ப்பெயரே இல்லை, '56 ஏ.பி.ஓ.' (ஆர்மி போஸ்ட் ஆபீஸ், அதாவது ராணுவத் தபால் நிலையம்) என்று மட்டும் இருக்கிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

படை எங்கே நிற்கிறது என்பது தபால் வழியாகக் கசியக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. பாட்டி முகவரியாக எழுத வேண்டியது படை எண், பதவி, பெயர், யூனிட், 56 ஏ.பி.ஓ. அவ்வளவுதான். கடிதம் டெல்லியிலுள்ள ராணுவத் தபால் நிலையத்துக்குப் போகும். யூனிட் எங்கே இருக்கிறது என்று பார்த்து அங்கிருந்து அனுப்புவார்கள். கிழக்குப் பக்கம் இருந்தவர்களுக்கு 99 ஏ.பி.ஓ., கொல்கத்தா வழியாக.

இடம், ஆயுதம், அடுத்த நகர்வு எதையும் எழுதவும் கூடாது. முதல் உலகப் போரிலேயே பிரான்ஸில் இருந்த நம் சிப்பாய்களின் கடிதங்களைத் தணிக்கை செய்தார்கள். அதனால்தான் 'நலம், நலமறிய ஆவல்' முடிந்ததும் மழை பெய்ததா, கடலை பிடுங்கியாச்சா, பசு கன்று போட்டதா என்று போகும். அன்பில்லாத கடிதம் என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் உள்ள ஊர்களிலும், எழுதப் படிக்கத் தெரியாத மனைவிக்குத் தபால்காரரோ வாத்தியாரோதான் படித்துக் காட்ட வேண்டும். மூன்றாம் ஆள் காதுபட மனைவியிடம் வேறென்ன சொல்ல முடியும்? கன்றுக்குட்டியை விசாரிப்பதுதான் அவளை விசாரிப்பது.

உறைகளைத் தூக்கிப் போடாதீர்கள். வட்ட முத்திரையில் களத் தபால் நிலையத்தின் எண் இருக்கும். ராணுவத் தபால்தலை சேகரிப்பவர்களிடம் காட்டினால், அந்த எண்ணையும் தேதியையும் வைத்து தாத்தா இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க வாய்ப்பு உண்டு.