வண்டிக்கு ரேடியோ ஆன்டெனா: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெச்சூர் ரேடியோ (ஹாம்) லைசென்ஸ் வாங்கிட்டேனுங்க. கார்ல 50 வாட் செட் வைக்கணும். கூரையில ஓட்டை போடலாமுங்களா, இல்ல காந்த மவுன்ட் போதுமுங்களா? புது வண்டியைத் துளை போட மனசே வரலீங்க.
– பொள்ளாச்சி வாசகர்

பதில்: மனசு வராதது நியாயம்தான். ஆனால் அமெச்சூர் அலைவரிசையான 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கூரை நடுவில் துளை போட்டு வைக்கும் மவுன்ட்டுக்கு ஈடு வேறில்லை. கால் அலை (அலைநீளத்தில் கால் பங்கு) ஆன்டெனாவின் கம்பி 49 செ.மீ. உயரம்தான். மீதிப் பாதி ஆன்டெனா உங்கள் கூரைத் தகடு. கம்பியைச் சுற்றி எல்லாப் பக்கமும் அரை மீட்டர் இரும்பு இருந்தால் அலை நாலா திசைக்கும் சமமாகப் போகும். ஓரத்தில் வைத்தால் தகடு அதிகமுள்ள பக்கம் பலமாகவும் மற்ற பக்கம் மெலிவாகவும் போகும்.

காந்த மவுன்ட்டும் வேலை செய்யும். அதன் அடித்தட்டுக்கும் கூரைக்கும் நேர்த் தொடர்பு கிடையாது; பெயின்ட்டைத் தாண்டி மின்தேக்கி போலத்தான் இணைகிறது. 145 மெகாஹெர்ட்ஸ் அடங்கும் வி.எச்.எஃப். அலைவரிசைக்கு அது போதும். தொல்லை வேறு இடத்தில். காந்தத்துக்கு அடியில் புகும் மண் பெயின்ட்டை அரைத்துவிடும். நம் தென்னந்தோப்புத் தடங்களில் அது சீக்கிரமே நடக்கும். வாரம் ஒரு முறை எடுத்துத் துடைத்து வையுங்கள். கேபிளைக் கதவு பீடிங் வழியாக விட்டால் அது நசுங்கி உள்கம்பி ஒரு பக்கமாக ஒதுங்கும், மழைத்தண்ணீரும் அதன் மேலேயே உள்ளே வரும். ஆறு மாதம் பழகிப் பார்க்க நினைப்பவருக்குக் காந்தம் சரி. நிலையாக வைக்கப் போகிறவருக்குத் துளைதான் என் பரிந்துரை.

துளை போடும் முன் உள்ளே ரூஃப் லைனிங்கை இறக்கிப் பாருங்கள். குறுக்குப் பட்டை, லைட் வயர், பக்கவாட்டுத் திரை ஏர்பேக் எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்த பிறகே இடத்தைக் குறிக்க வேண்டும். கேபிள் ஏர்பேக்குக்கு முன்னால் வரவே கூடாது; பின்னால்தான் போக வேண்டும். சன்ரூஃப் வண்டியென்றால் தகடு நகரும் பகுதியை விட்டுப் பின்பக்கம் தள்ளுங்கள்.

என்.எம்.ஓ. எனப்படும், துளையில் பொருத்தும் வழக்கமான மவுன்ட்டுக்கு 19 மி.மீ. துளை. மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி, சென்டர் பஞ்ச் அடித்து, 3 மி.மீ. பிட்டில் முதல் துளை, பிறகு படிப்படியாக அகலும் ஸ்டெப் டிரில். பிட்டில் டேப் சுற்றி ஆழத்துக்கு அளவு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அழுத்தில் பெரிய பிட்டை விட்டால் மெல்லிய தகடு கிழிந்து வட்டம் கோணலாகும். மவுன்ட் நடுவில் உட்காராது. துளை விளிம்பின் பிசிறை அரத்தால் எடுங்கள். மேல்பக்க விளிம்பில் பிரைமர் தொடுங்கள். தகட்டின் அடிப்புறம், மவுன்ட்டின் பல் பதியும் வட்டத்தில் மட்டும் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பைக் காட்ட வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். பெயின்ட் மேலேயே முறுக்கினால் எர்த் கிடைக்காது. கிடைத்தாலும் வண்டி அதிரும்போது விட்டு விட்டு வரும். இரும்புத்தூளை வேக்குவம் வைத்து முழுவதும் எடுங்கள். கூரையில் கிடக்கும் தூள் முதல் மழையிலேயே பழுப்புப் புள்ளியாகும்.

கம்பியை மாட்டும் முன் மல்டிமீட்டர் வையுங்கள். கேபிள் பிளக்கின் வெளிவட்டத்துக்கும் வண்டி பாடிக்கும் ஏறக்குறைய பூஜ்யம் ஓம் வர வேண்டும். நடு ஊசிக்கும் பாடிக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. பிறகு எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டுவது; 1-ஐ நெருங்கினால் நல்லது) போட்டு, கதவுகளை மூடி, 144, 145, 146 மூன்றிலும் குறைந்த வாட்டில் பாருங்கள். 144-ல் குறைவாகவும் 146-ல் அதிகமாகவும் காட்டினால் கம்பி நீளம். மாறிக் காட்டினால் குட்டை. ஒரு மெகாஹெர்ட்ஸ் மேலே நகர்த்த சுமார் மூன்றரை மி.மீ. வெட்டினால் போதும். வெட்டியதை ஒட்ட முடியாது, ஆகவே 2 மி.மீ. வெட்டி ஒரு முறை அளப்பதே நல்லது. 1.5-க்குக் கீழே வந்தால் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் இழைப்பதில் காதுக்குத் தெரியும் பலன் இல்லை.

மின்சாரம் நேராக பேட்டரியிலிருந்து, 4 சதுர மி.மீ. வயரில் வரட்டும். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ். சிகரெட் லைட்டர் சாக்கெட் 50 வாட் செட்டைத் தாங்காது.

கேள்வி: எங்க போர்வெல் ரிக் லாரிக்கும் சப்போர்ட் லாரிக்கும் லைசென்ஸோட வி.எச்.எஃப். செட் வெச்சிருக்கோமுங்க. சைடு கண்ணாடி பிராக்கெட்ல ஆன்டெனா மாட்டினோம். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 3-க்குக் கீழ இறங்கவே மாட்டேங்குது. ஏனுங்க?
– திருச்செங்கோடு வாசகர்

பதில்: கண்ணாடி பிராக்கெட் பெரும்பாலும் ரப்பர் புஷ், பெயின்ட், துரு இவற்றுக்கு நடுவே நிற்கிறது. பார்க்க இரும்புதான், மின்சாரத்துக்கு அது தனித் தீவு. மவுன்ட்டுக்கும் கேபின் தகட்டுக்கும் ஓம் பாருங்கள். ஒரு ஓமுக்கு மேல் வந்தால், அகலமான பின்னல் எர்த் பட்டையை, முடிந்தவரை குட்டையாக, மவுன்ட்டிலிருந்து கேபினுக்குப் போல்ட் போட்டு இணையுங்கள். மெல்லிய நீள வயர் மீட்டரில் பூஜ்யம் காட்டும், ஆனால் வி.எச்.எஃப்.-ல் அது எர்த் ஆகாது. கேபினே ஃபைபரில் கட்டியதென்றால் எர்த் தேடிப் பயனில்லை. தகடு தேவைப்படாத அரை அலை ஆன்டெனா வாங்குங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். அமெச்சூர் அலைவரிசைக்கு வெட்டிய ஆன்டெனாவைக் கடையில் கொடுத்திருக்கலாம். தொழிலுக்கு அமெச்சூர் அலைவரிசையில் பேச அனுமதியில்லை. உங்களுக்குத் தொலைத்தொடர்புத் துறை ஒதுக்கியது வேறு எண்ணாக இருக்கும். 7,125-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலைக் கம்பி செ.மீ.-ல் கிடைக்கும். 165-க்கு 43 செ.மீ.

லாரி 24 வோல்ட். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு, தயவுசெய்து வேண்டாம். ஒன்று குறைந்து, மற்றது அதிகமாகச் சார்ஜ் ஏறி, இரண்டுமே சீக்கிரம் போகும். 13.8 வோல்ட் தரும் கன்வெர்ட்டர், 15 ஆம்பியராவது தாங்குவது வாங்குங்கள்.

கேள்வி: போன வருஷம் ஆன்டெனா பொருத்தினப்ப எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 1.3 காட்டுச்சுங்க. ஐப்பசி மழைக்குப் பிறகு செட் சரியா எடுக்கறதில்லை. ஆனா மீட்டர் இன்னும் நல்லாத்தான் காட்டுது.
– கோபிசெட்டிபாளையம் வாசகர்

பதில்: மீட்டரை நம்பாதீர்கள். தண்ணீர் இறங்கிய கேபிள் சக்தியைத் தானே விழுங்கிவிடும். திரும்பி வர எதுவும் மிச்சமிருக்காது, ஆகவே மீட்டர் அழகாகக் காட்டும். நல்ல ஆர்.ஜி.-58 கேபிளே 5 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டெசிபல் தின்னும், அதாவது 50 வாட்டில் 10 வாட். நனைந்தது எவ்வளவு தின்னும் என்பதற்குக் கணக்கே இல்லை. மவுன்ட் பக்கம் மேலுறையை ஒரு அங்குலம் உரித்துப் பாருங்கள். உள்ளே செப்புப் பின்னல் கறுத்திருந்தால் கேபிளை முழுதாக மாற்றுங்கள். துண்டு வெட்டி ஒட்டுவது நிற்காது.

புதிய கேபிளுக்கு, வெளியே தெரியும் இணைப்பில் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாக, ஓடு வேய்வது போல ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி சுற்றுங்கள். காடி வாசனை வீசும் சிலிக்கான் வேண்டவே வேண்டாம். அது காய்கிறபோது விடும் அமிலம் செம்பை அரிக்கும். நியூட்ரல் சிலிக்கான் கேட்டு வாங்குங்கள். கேபிள் வண்டிக்குள் நுழையும் இடத்துக்கு முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

கேள்வி: வால்பாறை ரோட்டுல மரக்கிளை தட்டித் தட்டி டிக்கி ஓர மவுன்ட்டே சாஞ்சுபோச்சுங்க.
– ஆனைமலை வாசகர்

பதில்: மாட்டியிருப்பது ஒன்றேகால் மீட்டர் நீள ஆன்டெனா என்றால், அதைக் கழற்றிவிட்டு அரை மீட்டர் கால் அலைக் கம்பி, அடியில் ஸ்பிரிங்கோடு போடுங்கள். மலைப்பாதையில் நீளமான ஆன்டெனாவால் லாபம் அதிகமில்லை. அது அலையைத் தொடுவானம் நோக்கித் தாழ்வாக அனுப்பும், அங்கே உங்களை மறிப்பது மலை. சாய்ந்த மவுன்ட்டின் கிரப் ஸ்குரூக்களை (தலையில்லாத சின்ன ஸ்குரூ) கழற்றி, பெயின்ட்டைக் கிழித்து இரும்பைக் கவ்வும்படி அலன் கீயால் இறுக்குங்கள். கவ்விய இடத்தில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள், துரு பிடிக்காது.