கோடி போகாத ஏரி

ஐயா, வணக்கம்.

எனக்கு வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம். எங்கள் ஏரி கடைசியாகக் கோடி போனது, அதாவது நிரம்பி உபரிநீர் வழிந்தது, 2021 நவம்பர் மழையில். அதன்பிறகு நிரம்பவே இல்லை, உள்ளே முழுக்கச் சீமைக்கருவேலம். அதைப் பார்க்கச் சகிக்காமல் கரை வழியை விட்டு ரோட்டைச் சுற்றிப் போகிறேன். முப்பது பேர் சேர்ந்து ஜேசிபி வைத்து முள்ளைப் பிடுங்கி, ஏரிக்குள் 500 மரக்கன்று நடலாம் என்றிருக்கிறோம். சரிதானா? வெறும் ஏரிக்காக இவ்வளவு வருத்தப்படுவது மிகையா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

மிகை இல்லை. ஊரைப் பிரிந்தவர் ஊரை நினைத்து ஏங்குவது ஒன்று. ஊரிலேயே இருந்துகொண்டு, அது கண்ணெதிரே வேறாகிப்போவதைப் பார்ப்பது இன்னொன்று. ஆஸ்திரேலியாவின் ஹண்டர் பள்ளத்தாக்கில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நடுவே வாழ்ந்த மக்களிடம் இந்த வேதனையைக் கண்ட தத்துவ அறிஞர் கிளென் ஆல்பிரெக்ட், 2003இல் இதற்குச் 'சோலஸ்டால்ஜியா' என்று பெயரிட்டார். உங்களுடையதும் அதுதான்.

ஆனால் ஏரிக்குள் கன்று நடாதீர்கள். அது தண்ணீர் நிற்க வேண்டிய இடம். ஏரி நிரம்பினால் பெரும்பாலான கன்றுகள் அழுகிவிடும்.

தூர் வாருவதும் முதல் வேலை அல்ல. கணக்கைப் பாருங்கள். ஒரு ஏக்கரில் ஒரு அடி மண் எடுத்தால் 43,560 கன அடி. டிராக்டருக்கு ஒரு யூனிட், அதாவது 100 கன அடி என்றால் 436 நடை. இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பது 12.3 லட்சம் லிட்டர் பிடிக்கும் காலி இடம்தான், தண்ணீர் இல்லை. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாயில் நொடிக்கு 10 கன அடி ஓடினால், அதே அளவு தண்ணீர் ஒன்றே கால் மணி நேரத்தில் வந்து சேரும். பிறகு தூர் வாரினாலும் மதகு மட்டத்துக்குக் கீழே போகாதீர்கள், அந்தத் தண்ணீர் வயலுக்கு ஏறாது. கரையின் உள்ளடியில் தோண்டினால் கரை சரியும்.

ஆகவே கால்வாயிலிருந்து தொடங்குங்கள். நல்ல மழை விட்ட அரை மணிக்குள், கால்வாய் ஏரியில் சேரும் இடத்திலிருந்து மலையடிவாரம் வரை மேல்நோக்கி நடங்கள். கையில் கிராம வரைபடம், சர்வே எண்வாரியாக அளவுகள் குறித்த புலப்படத்தின் நகல், அளவு டேப். நூறு மீட்டருக்கு ஒரு இடத்தில் அகலத்தை அளந்து, புலப்படத்தில் உள்ளதோடு ஒப்பிட்டு, சர்வே எண்ணோடு படம் எடுங்கள். ரோட்டுக்கு அடியில் போட்ட குழாய்களை உற்றுப் பாருங்கள். பல இடங்களில் குழாயின் அடிமட்டம் கால்வாய்த் தரையைவிட உயர்ந்திருக்கும். தண்ணீர் அந்தப் பக்கமே தேங்கி வேறு பக்கம் திரும்பிவிடும். மேலே இன்னொரு ஏரி இருந்தால் அதன் கோடித் தண்ணீர்தான் உங்களுக்கு வரத்து. அந்த ஊர்க்காரர்களோடு பேசாமல் உங்கள் ஏரி நிரம்பாது.

ஆக்கிரமிப்பு இருந்தால் சண்டைக்குப் போகாதீர்கள். ஆயக்கட்டு, அதாவது ஏரி பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை, அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். அளவுகளோடு அங்கே ஒரு மனு, ஆட்சியர் அலுவலகத் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு. தோல் கழிவால் பாலாறு கெட்டபோது வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குப் போட்டதும், 1996இல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்றதும் நம் மண்ணில் நடந்தவை. ஆற்றின் மீதிருந்த பாசம் தாளில் ஏறியதால்தான் அது நடந்தது.

சீமைக்கருவேலத்தைக் கோடையில், படுகை காய்ந்திருக்கும்போது, அனுமதி வாங்கி எடுங்கள். வெட்டினால் பக்கத்துக்குப் பக்கம் துளிர்க்கும். தரைக்குக் கீழே ஒரு அடி தோண்டி வேர்க்கழுத்தோடு எடுக்க வேண்டும். நெற்றைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தில் விதை திரும்ப வரும். அடுத்த சில வருடங்கள் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் நாற்றைக் கையால் பிடுங்குங்கள்.

கரைமேல் மட்டும் ஜேசிபி ஏறவே கூடாது. அடிமரத்தைப் பிடுங்கிய குழி வழியே நீர் கசிந்து, கரை உள்ளுக்குள் அரித்து உடையும். அங்கே தரைமட்டமாக அறுத்துவிட்டுத் துளிர்க்கத் துளிர்க்கக் கிள்ளுங்கள். 500 கன்றுக்குப் பதில் 500 பனங்கொட்டையைப் பத்தடிக்கு ஒன்றாகக் கரையின் வெளிப்பக்கம் ஊன்றுங்கள். ஆவணி, புரட்டாசியில் பழம் விழும்போது கொட்டை சும்மாவே கிடைக்கும். பனையின் சல்லிவேர் மண்ணைப் பிடிக்கும், கரையைப் பிளக்காது.

ஐப்பசி அடைமழையில், ராத்திரியில்தான் அந்த ரோட்டடிக் குழாய் வாயில் செத்தை வந்து அடைக்கும். எந்த ராத்திரி யார் மண்வெட்டியோடு போவது என்று முப்பது பேருக்கும் இப்போதே முறை போட்டுவிடுங்கள்.