பதினான்காயிரம் பேர் பார்க்கிறார்கள். பணம் தருபவர் யார்?

கேள்வி: தக்கலை அருகே வசிக்கிறேன். ஆறு ஆண்டுகள் ஒரு ஸ்டுடியோவில் மாதச் சம்பளத்துக்குத் திருமணப் படங்கள் எடுத்தேன். கடந்த ஆண்டிலிருந்து தனியாகத் தொழில் செய்கிறேன். முட்டம், மாத்தூர் தொட்டிப்பாலம், சிதறால் என்று நான் எடுக்கும் படங்களுக்காக இன்ஸ்டாகிராமில் 14,000 பேர் என்னைப் பின்தொடர்கிறார்கள். ஆனால் அதனால் ஒரு ரூபாய்கூட வந்ததில்லை. இதற்கிடையே, நான் எடுத்த முட்டம் கடற்கரைப் படம் ஒன்றை ஒரு தங்கும் விடுதி என்னிடம் கேட்காமலேயே தன் விளம்பரத்தில் போட்டிருக்கிறது. இணையம் வழியாகப் படங்களை விற்பது எப்படி? எனக்கு என்ன உரிமை இருக்கிறது? வரி கட்ட வேண்டுமா? — ஒரு வாசகர், தக்கலை

பதில்: விடுதி விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன். உங்களுக்குக் கோபம் வருவது நியாயம். ஆனால் அந்தப் படம் விலைபோகக்கூடியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வாங்கத் தயாரான ஒருவர் இருந்திருக்கிறார், விலையும் நிபந்தனையும் எழுதப்பட்ட ஒரு வரிதான் அங்கே இல்லை. உங்கள் வருமானச் சிக்கலின் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும். படம் எடுப்பதில் உங்களுக்குக் குறை இருப்பதாகத் தெரியவில்லை. படத்தோடு போக வேண்டிய எழுத்து, அதாவது தலைப்பு, விளக்கம், உரிமைக் குறிப்பு, ஒப்பந்தம், பில் ஆகியவைதான் போகவில்லை.

நீங்களாக விரும்பி, யாரும் பணம் கொடுத்து ஏவாமல் எடுத்த படத்தின் பதிப்புரிமை, எடுத்த கணத்திலிருந்தே உங்களுடையது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி அதற்குப் பதிவு கட்டாயமில்லை. உரிமை உங்கள் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். ஆகவே முதல் வேலையாக, விடுதிக்குத் தகவல் போகும் முன்பே, அந்த விளம்பரத்தைத் தேதியும் இணைய முகவரியும் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்து, உங்கள் கேமராவின் மூலக் கோப்போடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். அதன் பிறகு, இன்ன படம் இன்ன விதத்தில் பயன்படுத்தப்பட்டிருக்கிறது, இத்தனை மாதங்களுக்கான பயன்பாட்டுக் கட்டணம் இவ்வளவு, 15 நாட்களுக்குள் செலுத்தலாம் அல்லது படத்தை நீக்கலாம் என்று ஒரு பில்லுடன் கூடிய மரியாதையான கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால், விளம்பரம் சமூக வலைத்தளத்தில் வந்திருந்தால், அத்தளத்தின் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தை நிரப்பி நீக்கச் சொல்லலாம். அதற்கும் மேலே போக வேண்டியிருந்தால், உரிமையாளர் தாம் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. ஆனால் கடிதத்தின் முதல் வரியிலேயே அதை எழுதி மிரட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நம்முடையது சிறிய மாவட்டம். இன்று திருடியவர் நாளை உங்களுக்கு ஆண்டு முழுவதும் வேலை கொடுப்பவராக மாறியதை நான் பார்த்திருக்கிறேன்.

இதே சட்டம் உங்களுக்கு எதிராகவும் திரும்பும் என்பதைப் பல கலைஞர்கள் அறிவதில்லை. சம்பளத்துக்கு வேலை செய்த ஆறு ஆண்டுகளில் நீங்கள் எடுத்த திருமணப் படங்களுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், உங்கள் முதலாளியும் அவருக்குப் பணம் கொடுத்த வாடிக்கையாளருமே உரிமை கோர முடியும். நீங்கள் கோர முடியாது. அவற்றை உங்கள் இணையப் பக்கத்தில் போடுவதற்கு முன் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். தனியாகத் தொழில் செய்யும் இப்போதும் நிலைமை முழுக்க மாறிவிடவில்லை. ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காக எடுக்கச் சொன்ன புகைப்படத்தில், மாறான ஒப்பந்தம் இல்லையென்றால், முதல் உரிமையாளர் அவரே என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. அதாவது, மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாணத்துக்கு நீங்கள் எடுக்கும் படங்கள், முன்பணம் வாங்கும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்கவில்லை என்றால், சட்டப்படி உங்களுடையவை அல்ல. பதிப்புரிமை கலைஞரிடமே இருக்கும், குடும்பம் தன் சொந்தப் பயன்பாட்டுக்கு வரம்பின்றி வைத்துக்கொள்ளலாம், கலைஞர் தம் பணி மாதிரியாக இத்தனை படங்களை இணையத்தில் காட்டலாம் என்ற மூன்று வாக்கியங்கள் போதும். மணமகள் வீட்டார் தயங்கினால், எந்தப் படங்களைக் காட்டலாம் என்று அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

நிறுவனங்களுக்குப் படம் கொடுக்கும்போது 'விற்றேன்' என்ற சொல்லையே தவிர்த்து, 'பயன்படுத்த அனுமதித்தேன்' என்று எழுதப் பழகுங்கள். எந்த ஊடகத்தில், எத்தனை காலம், எந்த நிலப்பரப்பில், அவர்களுக்கு மட்டுமா பிறருக்கும் உண்டா என்ற நான்கையும் குறிப்பிட வேண்டும். உரிமையையே எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிக்காவிட்டால் இந்தியா என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதே படத்தை ஒரு விடுதியின் இணையதளத்துக்கு ஓராண்டுக்கும், ஒரு பதிப்பாளரின் நாட்காட்டிக்கு ஒரு பதிப்புக்கும் தனித்தனியாகக் கொடுக்க முடிவது இப்படி எழுதுவதால்தான்.

வாங்குபவர் யார் என்பதில் உங்கள் கவனம் கொஞ்சம் திசை மாற வேண்டும் என்று நினைக்கிறேன். உங்களைப் பின்தொடரும் 14,000 பேரில் பெரும்பாலோர் ரசிகர்கள். ரசிகர் விருப்பக் குறி இடுவார், பில்லுக்குப் பணம் கட்ட மாட்டார். படத்துக்குப் பணம் கொடுக்க வேண்டிய தேவை உள்ளவர்கள், இணையத்தில் எதையாவது விற்றாக வேண்டியவர்கள்: ஹோம்ஸ்டே நடத்துபவர்கள், தேன், கிராம்பு, கருப்பட்டி வியாபாரிகள், வடசேரியில் கோயில் நகை செய்பவர்கள், தோவாளைப் பூ வணிகர்கள். கன்னியாகுமரிக் கிராம்பு 2021-இலும் மட்டி வாழை 2023-இலும் புவிசார் குறியீடு பெற்றன. அந்தக் குறியீட்டைப் பெட்டியில் அச்சிடுபவருக்கு அதோடு போட நல்ல படமும் வேண்டும். இவர்களில் பத்துப் பேருக்கு அவர்களுடைய பொருளையே எடுத்த ஒரு மாதிரிப் படத்துடன் தனித்தனியாகக் கடிதம் எழுதுவது, நூறு ரீல்ஸ் போடுவதைவிடப் பயன் தரும்.

விலை வைப்பதற்கு முன் உங்கள் அடக்கவிலை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். கேமராவும் லென்சுகளும் 2 லட்சம் ரூபாய், நான்கு ஆண்டுகள் உழைக்கும் என்றால் ஆண்டுக்கு 50,000. பழுது, பயணம், மென்பொருள், இணையம் எல்லாம் சேர்த்து 70,000. வீட்டுக்கு வேண்டியது ஆண்டுக்கு 3 லட்சம். மொத்தம் 4,20,000 ஆகிறது. ஒரு நாள் படப்பிடிப்புக்கு இரண்டு நாள் திருத்தும் வேலை, வாடிக்கையாளர் தேடும் நாட்கள், மழை நாட்கள் போக ஆண்டில் 70 படப்பிடிப்பு நாட்கள் கிடைத்தால், ஒரு நாளுக்கு 6,000 ரூபாய்க்குக் கீழே வாங்கும் ஒவ்வொரு வேலையும் உங்கள் கைக்காசைக் கரைக்கிறது. உங்கள் எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்து பார்த்தால், 'பெயர் போடுகிறோம், இலவசமாகக் கொடுங்கள்' என்பவருக்கு என்ன பதில் சொல்வது என்ற குழப்பம் தீர்ந்துவிடும்.

ஸ்டாக் போட்டோ தளங்களை, அதாவது பலருடைய படங்களைச் சேர்த்து வைத்துப் பயன்பாட்டு உரிமம் விற்று, எடுத்தவருக்கு ஒரு பங்கு தரும் இணையதளங்களைப் பற்றி அதிக நம்பிக்கை வேண்டாம், முற்றிலும் ஒதுக்கவும் வேண்டாம். அடோபி ஸ்டாக் புகைப்படங்களுக்கு 33 சதவீதம் பங்கு தருகிறது. ஷட்டர்ஸ்டாக் பதிவிறக்க எண்ணிக்கையைப் பொறுத்து 15 முதல் 40 சதவீதம் வரை தருகிறது, ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று எல்லோரையும் அடிமட்டத்துக்கே கொண்டுவந்துவிடும். அங்கே ஒரு பதிவிறக்கத்துக்கு 10 சென்ட் மட்டுமே கிடைக்கும் நாட்களும் உண்டு. வள்ளுவர் சிலைக்குப் பின்னால் சூரியன் எழும் படத்தோடு அங்கே போனால், அதே படத்தோடு முன்பே போயிருப்பவர்களின் வரிசையில் கடைசியில்தான் நிற்க வேண்டும். குலசேகரம் பக்கம் விடியுமுன் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டுபவரின் கை, சிரட்டையில் சொட்டும் பால், கரையிலிருந்து இழுக்கும் கரமடி வலையின் கயிறு, பாயில் காயும் கிராம்பு, முப்பந்தல் காற்றாலையின் அடியில் மேயும் ஆடு போன்றவை ஒரு பாடநூல் பதிப்பாளரோ செய்தி நிறுவனமோ உண்மையாகவே தேடும் படங்கள். அவர்கள் தேடுவது சொற்களால்தான். அதுவும் ஆங்கிலச் சொற்களால். அடோபியில் 49 குறிச்சொற்கள் வரை கொடுக்கலாம் என்றாலும் முதல் பத்துக்கே முக்கியத்துவம் என்பதால், 'அழகு', 'இயற்கை' என்று தொடங்காமல், செய்யும் தொழில், கருவி, ஊர் என்று தொடங்குங்கள்.

முகம் தெரியும் ஒருவரின் படத்தை விளம்பரப் பயன்பாட்டுக்கு விற்க, அவர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் வேண்டும். படிவத்தைத் தமிழில் படித்துக் காட்டி, அவருக்கும் ஒரு தொகையும் ஒரு பிரதியும் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்குவதே முறை. கடற்கரையில் வலை பின்னும் முதியவரிடம் ஆங்கிலத் தாளை நீட்டுவது முறையல்ல.

இடங்களைப் பொறுத்தவரை, பொது இடத்தில் நிலையாக நிற்கும் சிலையையும் கட்டடத்தையும் படம் எடுத்து வெளியிடுவது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 52-ஆம் பிரிவு சொல்வதால், 133 அடி வள்ளுவர் சிலையில் உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. பத்மநாபபுரம் அரண்மனை உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தாலும் அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. வணிகப் படப்பிடிப்புக்கு அந்தத் துறையிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். சிதறால் மலைக்கோயிலும் வட்டக்கோட்டையும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. முக்காலியோடு போவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். ட்ரோன் வைத்திருந்தால், 250 கிராமுக்கு மேற்பட்டதை வணிகத்துக்குப் பறக்கவிட 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி ட்ரோன் இயக்குபவருக்கான சான்றிதழ் வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இனி விளம்பரம். கூகுளில் தொழில் விவரப் பக்கம் ஒன்றை இன்றே இலவசமாகத் தொடங்குங்கள். கடை இல்லாதவர் முகவரியை மறைத்து, சேவை செய்யும் ஊர்களை மட்டும் காட்டலாம். நம் மாவட்டத்தில் பல கல்யாணங்களை முடிவு செய்பவர்கள் துபாயிலோ தோஹாவிலோ இருக்கிறார்கள். அவர்கள் ஸ்டுடியோவின் படியேறி ஆல்பம் புரட்டப் போவதில்லை, தேடிப் பார்த்து மதிப்புரை படித்துத்தான் அழைப்பார்கள். ஆல்பம் கொடுக்கும் நாளிலேயே மதிப்புரை கேளுங்கள். அதற்காகத் தள்ளுபடி கொடுப்பது கூகுளின் விதிக்கு மாறானது. சொந்தப் பெயரில் ஓர் இணையதளமும் வேண்டும், ஏனெனில் இன்ஸ்டாகிராம் கணக்கு ஒரு நாள் முடங்கினால் 14,000 பேரும் அதோடு போய்விடுவார்கள். தளத்தில் ஏற்றும் ஒவ்வொரு கோப்பிலும் உங்கள் பெயர், உரிமைக் குறிப்பு, உரிமம் பெறும் பக்கத்தின் முகவரி ஆகியவற்றை ஐபிடிசி விவரங்களாக (கோப்புக்குள்ளேயே சேமிக்கப்படும், படத்தின் மேல் தெரியாத குறிப்புகளாக) பதித்துவிட்டால், கூகுள் படத் தேடலில் அந்தப் படம் உரிமம் பெறத்தக்கது என்ற அடையாளத்துடன் தோன்ற வாய்ப்புண்டு. படத்தின் நடுவில் பெரிய எழுத்தில் பெயரைப் பொறிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அது திருடனைவிட வாங்க வந்தவரையே அதிகம் விரட்டுகிறது.

'உங்கள் படத்தை ஓவியமாக வரைய வேண்டும், பணம் தருகிறேன்' என்றோ, மின்னணுச் சேகரிப்பாக (என்எஃப்டி) வாங்குகிறேன் என்றோ தொடங்கி, முதலில் உங்களை ஒரு சிறு தொகை கட்டச் சொல்லும் தனிச் செய்திகள் உங்களுக்கும் வந்திருக்கும். அவை மோசடி, பதிலே வேண்டாம்.

வரியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. வருமான வரியில், வரவில் பாதியை லாபமாகக் காட்டும் திட்டம் புகைப்படக்காரருக்கும் பொருந்தும் என்று சிலர் சொல்லித் தருகிறார்கள். அந்தத் திட்டத்துக்கு உரிய தொழில்களின் பட்டியலில் திரைப்பட ஒளிப்பதிவாளர் உண்டு, கல்யாணப் புகைப்படக்காரர் இல்லை. பொதுவாகப் பொருந்துவது சிறு வணிகத்துக்கான அனுமான வரித் திட்டம்: ரொக்க வரவில் 8 சதவீதமும் வங்கி, யுபிஐ வழி வரவில் 6 சதவீதமும் குறைந்தபட்ச லாபமாகக் கொள்ளப்படும். ஸ்டாக் தளங்கள் தரும் பங்குத்தொகையான ராயல்டியை எங்கே காட்டுவது என்று மட்டும் ஓர் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தளங்களில் டபிள்யூ-8பிஇஎன் என்ற, வெளிநாட்டவருக்கான வரிப் படிவத்தை உங்கள் பான் எண்ணுடன் நிரப்பினால், அந்நாட்டு விற்பனையில் வரும் ராயல்டிக்கு 30 சதவீதத்துக்குப் பதிலாக, இந்தியாவுடனான உடன்படிக்கைப்படி 15 சதவீதமே பிடிப்பார்கள். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. அதைச் செய்துவிட்டால், உங்கள் பில்லுக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் ஒரு நிறுவனம் இழுத்தடிக்க முடியாது, இழுத்தடித்தால் வட்டி கேட்கச் சட்டம் இடம் தருகிறது. விடுதிகளோடு தொழில் செய்யப் போகும் உங்களுக்கு இது உதவும்.

ஆடியில் முகூர்த்தம் இல்லை, தவக்காலத்தில் தேவாலயத் திருமணங்கள் குறைவு. அந்த வாரங்களில் புதிதாக எதையும் எடுக்கப் போக வேண்டாம். வன்தட்டில் கிடக்கும் படங்களிலிருந்து 200-ஐத் தேர்ந்து, எங்கே, எப்போது, யார், என்ன செய்கிறார் என்று ஒவ்வொன்றுக்கும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு வரி எழுதுங்கள். ஒரு நாளைக்குப் பத்து எழுதினால் இருபது நாளில் முடிந்துவிடும். முட்டம் படத்திலிருந்தே தொடங்கலாம்.