டோர் பேட் கைப்பிடி அருகே மட்டும் வரவில்லை என்றால்

நண்பரே, கார்க் கண்ணாடி மோட்டாரைப் பார்க்க, கதவின் உட்பக்கத்தை மூடும் பலகையான டோர் பேடைக் கழற்றினேன், கீழ்ப்பக்கம் வந்துவிட்டது, கைப்பிடி அருகே மட்டும் அசையவில்லை என்கிறீர்கள். இழுப்பதை உடனே நிறுத்துங்கள். அங்கே பிடித்திருப்பது பெரும்பாலும் கிளிப் அல்ல, திருகு. உள்கைப்பிடிக் குழியிலும், கதவை இழுத்துச் சாத்தும் பிடியின் அடியிலும் நகம் நுழையும் அளவுக்குச் சின்ன மூடி இருக்கும். பிளாஸ்டிக் நெம்பியால் அதைக் கிளப்பிப் பாருங்கள். இரும்பு ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், பிளாஸ்டிக்கில் கீறல் விழும்.

திருகுகள் போனதும் பேடை மேல்நோக்கித் தூக்குங்கள். பல கார்களில் அதன் மேல்விளிம்பு கண்ணாடி ஓரத்தில் கொக்கிபோல் மாட்டியிருக்கும். தூக்கிய வேகத்தில் பேடை இழுத்துவிடாதீர்கள். பின்னால் சுவிட்ச் ஒயரும் கைப்பிடிக் கேபிளும் தொங்கும். கனெக்டரின் பூட்டை அழுத்திக் கழற்றுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. சில கார்களில் ஏர்பேக் சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கும். முன்கூட்டியே பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடங்கள் விடுவது நல்லது.

உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறியும் மெக்கானிக்குகள் மீது எனக்குக் கோபம் உண்டு. கண்ணாடி வழியே இறங்கும் மழைநீரைக் காருக்குள் வராமல் தடுப்பது அதுதான். அதே பசையில் திரும்ப ஒட்டுங்கள். உடைந்த கிளிப்புகளுக்குப் புதியவை போட்டு, பேடைத் தட்டிப் பொருத்தும் முன் ஒயர்களையும் பேட்டரியையும் திரும்ப மாட்டிக் கண்ணாடியை ஒருமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள்.