வாசகர் கேட்டவை: துண்டை வாங்கினீர்களா?

கரையில் நின்ற படகின் இஞ்சின் களவு போய்விட்டது. பொலிசில் சொன்னேன், சிங்களத்தில் எழுதிக் கையொப்பம் வாங்கினார்கள். நாலு நாள் கழித்துப் போனால் ‘அப்படி என்ட்ரி ஒன்றும் இல்லை’ என்கிறார்கள். இனி என்ன செய்வது?
— வாசகர், திருகோணமலை

துண்டை வாங்கினீர்களா? முறைப்பாடு பதிந்ததும் தருகிற அந்தச் சிறு துண்டில் திகதி, முறைப்பாட்டை எழுதிய பொலிஸ் புத்தகத்தின் பெயர், பக்கம், பந்தி இலக்கம் இருக்கும். அது கையில் இல்லாவிட்டால் மேலிடத்திலும் ‘எந்த முறைப்பாடு?’ என்றுதான் கேட்பார்கள்.

மீண்டும் போங்கள், ஆனால் வீட்டிலேயே தமிழில் இரண்டு பிரதி எழுதிக்கொண்டு போங்கள். இஞ்சின் இலக்கம், குதிரைவலு, கடைசியாகக் கண்ட நேரம், கண்டவர் பெயர் எல்லாம் வரவேண்டும். பலர் விடுவது இஞ்சின் இலக்கத்தைத்தான். பிறகு இஞ்சின் அகப்பட்டாலும் அது உங்களுடையது என்று காட்ட வழியிருக்காது. ஒரு பிரதியில் திகதியும் முத்திரையும் கேளுங்கள். மறுத்தால் பொறுப்பதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கும் பிரதி போடுங்கள். தபால் பற்றுச்சீட்டைத் தொலைக்க வேண்டாம்.

குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவையின் (1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம்) 109 ஆம் பிரிவின்படி, வாயால் சொன்னதைச் சொன்ன மொழியிலேயே எழுதி வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழியில் எழுத முடியாத அதிகாரி உங்களையே எழுதித்தரக் கேட்க வேண்டும். விளங்காத தாளில் கையொப்பம் வைக்காதீர்கள்.

அதற்கும் அசையாவிட்டால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுத்தில் முறையிடலாம். கூடவே 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் விண்ணப்பியுங்கள்: ‘என் முறைப்பாடு எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில்?’ 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று சொல்லியாக வேண்டும். ‘விசாரணை எப்படிப் போகிறது?’ என்று கேட்டால் புலனாய்வு கெடும் என்று மறுக்க இடமுண்டு. பக்க இலக்கத்தை மறைக்க அப்படிக் காரணம் சொல்வது கடினம்.

பொலிசார் மகனைப் பிடித்துவைத்து அடித்தார்கள். இதற்கும் இதே வழிதானா?
— வாசகி, மூதூர்

இல்லை, இதில் நாள் முக்கியம். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போட ஒரு மாதம்தான் தவணை. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் (திருகோணமலையிலும் அலுவலகம் உண்டு, அவசர இலக்கம் 1996) முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் நாட்கள் கணக்கில் சேராது. கடிதம் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தால் போதாது. விசாரணை உண்மையில் நடந்ததைக் காட்டச் சொல்லி நீதிமன்றம் கேட்டிருக்கிறது. காயத்தை அன்றைக்கே அரச வைத்தியசாலையில் காட்டி, யார் அடித்தார்கள் என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். ‘விழுந்துவிட்டான்’ என்று பயத்தில் சொன்னால் அந்த வார்த்தைதான் பிறகு மகனுக்கு எதிராக நிற்கும்.

2006 மாணவர் கொலைக்கே நீதி கிடைக்காத ஊரில் இதெல்லாம் எதற்கு?
— வாசகர், உவர்மலை

நியாயமான கோபம். 2006 ஜனவரி 2 இல் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள்; 2019 ஜூலையில் சந்தேகநபர்கள் 13 பேரையும் நீதவான் விடுவித்தார். அந்த வழக்குக்கு மேலே சொன்ன எதுவும் பதில் இல்லை. களவு போன இஞ்சினுக்குத்தான் அது வழி.