தெருவில் குர்பானி, கோயிலில் கிடா வெட்டு: ஒன்றுக்கு மட்டும் தடை கேட்க முடியுமா?

கேள்வி: வணக்கம். எங்கள் பகுதி தமிழ்நாட்டில் ஒரு நகராட்சியின் ஓரத்தில் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு வரை ஊராட்சியாக இருந்து, பிறகு நகராட்சியோடு சேர்க்கப்பட்டது. தெருவில் எல்லா மதத்தினரும் கலந்துதான் இருக்கிறோம். தெருமுனை அம்மன் கோயிலில் ஆடி மாதம் கிடா வெட்டுவது என் தாத்தா காலத்து வழக்கம். பக்ரீத் அன்று நான்கைந்து முஸ்லிம் குடும்பங்கள் வீட்டு வாசலிலேயே ஆடு அறுத்துப் பங்கு வைப்பார்கள். எங்கள் வீடுகளுக்கும் கறி வரும். போன வருடம் புதிதாகக் குடிவந்த ஒருவர், ரத்தம் சாக்கடையில் ஓடுகிறது என்று போலீசில் மனு கொடுத்தார். பேச்சு முற்றியதில், குடியிருப்போர் நலச் சங்கத்தில் 'தெருவில் குர்பானி கூடாது' என்று தீர்மானம் போட்டோம். நான்தான் செயலாளர். இப்போது ஜமாஅத் தரப்பிலிருந்து, கோயில் கிடா வெட்டையும் நிறுத்த வேண்டும் என்று நகராட்சி ஆணையருக்கு மனு போயிருக்கிறது. நடுவில் யாரோ போன வருட அறுப்பு வீடியோவை அசிங்கமான வாசகத்தோடு வாட்ஸ்அப்பில் போட, எங்கள் சங்கக் குழுவிலும் அது சுற்றியது. எங்கள் தீர்மானம் செல்லுமா? கோயில் கிடா வெட்டு நின்றுவிடுமா? இரண்டையும் நிறுத்துங்கள் என்று இன்ஸ்பெக்டர் சொல்வது சரியா? குழுவின் நிர்வாகி என்பதால் வீடியோ விஷயத்தில் என் மேல் வழக்கு வருமா?

பதில்: தீர்மானம் செல்லாது. சங்கம் பதிவு பெற்றதாகவே இருக்கட்டும். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி சங்கம் தன் உறுப்பினர், நிதி, நிர்வாகம் பற்றித்தான் முடிவெடுக்கலாம். தெரு நகராட்சியுடையது, வாசல் வீட்டுக்காரருடையது. இரண்டின் மேலும் சங்கத்துக்கு அதிகாரம் கிடையாது. அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால் கொஞ்சம் வேறுபடும். வண்டி நிறுத்துமிடம், மொட்டைமாடி போன்ற பொது இடங்களை எதற்குப் பயன்படுத்தலாம் என்று அங்கே சங்கத்தின் துணை விதிகள் சொல்லலாம். அப்போதும் எல்லாருக்கும் ஒரே விதியாகத்தான் இருக்க வேண்டும்.

2023இல் பக்ரீத்துக்கு முந்தைய நாள் மும்பை உயர் நீதிமன்றம் இப்படி ஒரு குடியிருப்பு வழக்கை அவசரமாக எடுத்து விசாரித்தது. உரிமம் இல்லாத இடத்தில் அறுப்பு நடந்தால் சட்டப்படி நடவடிக்கை எடுங்கள் என்று மாநகராட்சிக்கு உத்தரவிட்டது. நீதிமன்றம் பிடித்துக்கொண்டது இடத்தை. உங்கள் தெருவிலும் சட்டப் பிரச்சினை அதுதான். நீங்கள் தீர்மானத்தில் எழுதியதோ ஒரு மதத்தின் சடங்கை.

இடம் பற்றிய சட்டம் என்ன? விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960இன் கீழ் 2001இல் இறைச்சிக்கூட விதிகள் வந்தன. நகராட்சிப் பகுதிக்குள் அங்கீகாரம் அல்லது உரிமம் பெற்ற ஆட்டுத்தொட்டியை, அதாவது இறைச்சிக்கூடத்தைத் தவிர வேறெங்கும் கால்நடையை அறுக்கக் கூடாது என்கிறது அதன் 3ஆவது விதி. சினையாக இருப்பது, மூன்று மாதத்துக்குள் குட்டி போட்டது, மூன்று மாதம் நிறையாதது, கால்நடை மருத்துவர் சான்று தராதது, இவற்றை எங்கேயும் அறுக்கக் கூடாது. 'அறுப்பு' என்றால் உணவுக்காகக் கொல்வது என்று விதியே விளக்கம் தருகிறது. இங்கேதான் பலர், 'எங்களுடையது சாமிக்கு நேர்ந்த கிடா, உணவுக்கு இல்லை' என்று வாதாடப் பார்ப்பார்கள். அந்தக் கிடா சாயங்காலம் பந்தியில் குழம்பாகத்தானே வருகிறது? இந்த வாதத்தை நம்பி நீதிமன்றப் படி ஏற வேண்டாம்.

ஆக, உங்கள் கேள்வியில் மிக முக்கியமான தகவல், நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்த ஊராட்சி விவரம். ஊராட்சியாக இருந்தவரை இந்த 3ஆவது விதியின் நகராட்சித் தடை உங்கள் ஊரைத் தொடவில்லை. எல்லையை விரித்ததும் அம்மன் கோயில், முஸ்லிம் வீட்டு வாசல் இரண்டும் ஒரே நாளில் விதிக்குள் வந்துவிட்டன. தமிழ்நாட்டில் நகரங்களோடு இணைக்கப்பட்ட எத்தனையோ கிராமங்களின் நிலைமை இதுதான். பெரும்பாலும் யாரும் மனு கொடுப்பதில்லை, அதனால் யாருக்கும் தெரிவதில்லை. உங்கள் தெருவில் மனு கொடுத்துவிட்டார்கள். குர்பானிக்கு எதிராக நீங்கள் இந்த விதியை எடுத்து வீசினால், அதே விதி ஆடி மாதம் கோயில் வாசலில் வந்து நிற்கும்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, இரு தரப்புக்கும் உதவக்கூடியது. அதே 1960 சட்டத்தின் 28ஆவது பிரிவு, ஒரு சமூகத்தின் மதம் கோருகிற முறையில் விலங்கைக் கொல்வது இந்தச் சட்டப்படி குற்றமாகாது என்கிறது. விதி சட்டத்துக்குள் பிறந்தது, எனவே சட்டத்தின் விலக்கு விதிக்கும் பொருந்தும் என்று வாதிடலாம். ஆனால் பிரிவு பேசுவது 'முறை' பற்றி. ஹலால் முறையில் அறுப்பதையும் ஒரே வெட்டில் தலையைத் துண்டிப்பதையும் அது காப்பாற்றும். தெருவில்தான் அறுப்பேன் என்பதைக் காப்பாற்றுமா என்பது வேறு. எந்த மதமும் இன்ன சாக்கடை ஓரத்தில் அறு என்று சொல்லவில்லை. இந்த விலக்கைக் காட்டி இடக் கட்டுப்பாட்டை உடைப்பது கஷ்டம் என்பது என் கணிப்பு. பிரிவு 28 உங்களுக்கோ ஜமாஅத்துக்கோ வாள் ஆகாது, கேடயமாக ஓரளவு உதவும்.

அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவைச் சொல்லாமல் யாரும் இந்த வழக்கைப் பேசுவதில்லை. மத உரிமை உண்டு, ஆனால் பொது ஒழுங்கு, நன்னெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு. உங்கள் விஷயத்தில் கனமான சொல் சுகாதாரம்தான். 1958இல் முகமது ஹனீஃப் குரேஷி வழக்கில், பக்ரீத்துக்கு மாடுதான் பலியிட வேண்டும் என்ற கட்டாயம் இஸ்லாத்தில் நிரூபிக்கப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒருவருக்கு ஓர் ஆடு, அல்லது ஏழு பேருக்கு ஒரு மாடோ ஒட்டகமோ என்று தேர்வு இருப்பதை அது காரணமாகக் காட்டியது. அந்தத் தீர்ப்பைத் திருப்பிப் போட்டு, குர்பானியே தேவையில்லை என்று படிப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வழக்கு அதைச் சொல்லவில்லை. உங்கள் தெருவில் நடப்பது ஆட்டுக் குர்பானி.

கோயில் பக்கம் வருவோம். 'தமிழ்நாட்டில் கோயில் பலிக்குத் தடைச் சட்டம் இருக்கிறதே' என்று உங்களிடம் யாராவது சொல்லக்கூடும். இருந்தது. 1950இல் சென்னை மாகாணத்தில் விலங்குகள், பறவைகள் பலித் தடைச் சட்டம் இயற்றப்பட்டு, அரை நூற்றாண்டுக்கு மேல் தூசி படிந்து கிடந்தது. 2003இல் அதைக் கண்டிப்பாக அமல்படுத்தும்படி மாநில அரசு திடீரென்று உத்தரவிட்டது. கிராமக் கோயில்களிலிருந்து கிளம்பிய எதிர்ப்பில் 2004இல் சட்டமே ரத்தானது. முனியாண்டி, கருப்பசாமி, அம்மன் கோயில்களில் மட்டுமா? தர்கா கந்தூரி விழாவிலும், தென் மாவட்டங்களில் அந்தோணியார் கோயிலில் நடக்கும் அசனம் என்ற பொது விருந்திலும்கூட நேர்ச்சைக் கிடா உண்டு. இந்த நாட்டில் ஒரு மதத்தின் பலியை மட்டும் தனியாகப் பிரித்தெடுப்பது சட்டப்படி கடினம், நடைமுறையில் அதைவிடக் கடினம். கேரளத்தில் 1968இன் தடைச் சட்டம் இன்னும் இருக்கிறது. அதை எதிர்த்த மனுவில் 2020இல் உச்ச நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியபோது எழுந்த கேள்வி, சாப்பிடக் கொல்லலாம், சாமிக்குப் படைத்துவிட்டுச் சாப்பிடக் கொல்லக் கூடாதா என்பதுதான்.

எனவே உங்கள் ஊர்க் கிடா வெட்டுக்கு மத அடிப்படையில் தடை இல்லை. நகராட்சி எல்லைக்குள் கோயில் வாசலில் வெட்டுவதுதான் சிக்கல். 'தாத்தா காலத்து வழக்கம்' என்ற வாதத்துக்கும் எல்லை உண்டு. வழக்கம் என்பது நிரூபிக்க வேண்டிய சங்கதி, அதை நிரூபிக்கும் இடம் உரிமையியல் நீதிமன்றம். திருப்பரங்குன்றம் மலையில் தர்காவுக்கு ஆடு, கோழி பலியிடுவது பற்றிய வழக்கைப் பாருங்கள். 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு தந்தார்கள். அக்டோபரில் மூன்றாவது நீதிபதி, அந்த வழக்கத்தை உரிமையியல் நீதிமன்றத்தில் நிலைநாட்டும்வரை பலிக்கு அனுமதி இல்லை என்றார். அந்த மலையின் உரிமை பற்றிய பழைய வழக்கு 1923இல் மதுரை சார்பு நீதிமன்றத்தில் தீர்ப்பாகி, 1931இல், அன்றைக்கு இந்தியாவுக்கு மேல்முறையீட்டின் கடைசிப் படியாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. நூறு வருடம் கழித்தும் முடியவில்லை! வழக்குப் போட்டால் உங்கள் தெருவும் அந்தப் பாதையில் ஏறும். வக்கீல் நான் இதைச் சொல்வது தொழிலுக்கு நஷ்டம்தான்.

இன்ஸ்பெக்டர் விஷயம். வாய்மொழியாக 'இரண்டையும் நிறுத்து' என்று சொல்ல அவருக்கு அதிகாரமில்லை. கலவர பயம் உண்மையாக இருந்தால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆவது பிரிவு, அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இப்போது 163ஆவது பிரிவாக இருக்கிறது. அதன்படி நிர்வாக நடுவர், உங்கள் ஊரில் பெரும்பாலும் கோட்டாட்சியர், காரணங்களை எழுதி உத்தரவு போட வேண்டும். சாதாரணமாக இரண்டு மாதத்துக்கு மேல் அது செல்லாது. அவரிடமே ரத்து கேட்கலாம், உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம். கழிவு, நாற்றம் போன்ற பொதுத் தொல்லைக்கு 152ஆவது பிரிவில் அதே கோட்டாட்சியரிடம் மனு செய்யலாம். உங்கள் புதிய குடித்தனக்காரர் போயிருக்க வேண்டிய கதவுகள் அதுவும் நகராட்சி சுகாதாரப் பிரிவும்தான். காவல் நிலையத்துக்குப் போனதால்தான் சுகாதாரப் புகார் மதப் புகாராக மாறியது. ஆனால் ஒன்று, அவருடைய புகாரில் நியாயம் இருக்கிறது. அறுப்பு ரத்தம் திறந்த சாக்கடையில் ஓடக் கூடாது. அவரைச் சைவக்காரர், வெளியூர்க்காரர் என்று ஒதுக்கிவிட்டுப் பேச ஆரம்பித்தால் எதுவும் தீராது.

ஆடு ஏற்றி வரும் வண்டியை மறிப்பது, வீட்டுக்குள் எட்டிப் பார்த்துப் படமெடுப்பது, இதையெல்லாம் செய்யும் இளைஞர்கள் எந்தத் தரப்பிலும் இருக்கலாம். வண்டியைச் சோதிக்கும் அதிகாரம் அதிகாரிகளுக்கு உண்டு, தெருவாசிகளுக்கு இல்லை. வழிமறித்தால் வழக்கு அவர்கள் மேல்தான் வரும். விலங்கு வதைச் சட்டத்தின் 11ஆவது பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். வழிமறித்து அடிதடியானால் வாங்கும் தண்டனை அதைவிட எவ்வளவோ பெரியது.

வீடியோ. எடுத்தவரும் அந்த வாசகத்தை எழுதியவரும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 196, 299 பிரிவுகளுக்குப் பதில் சொல்ல வேண்டி வரலாம். சமூகங்களுக்கிடையே பகை மூட்டுவதும், மத உணர்வை வேண்டுமென்றே, தீய நோக்கோடு புண்படுத்துவதும் அவற்றில் வரும். மூன்று வருடம் வரை சிறை. 'நான் ஃபார்வர்ட்தான் செய்தேன்' என்பது சாக்கு ஆகாது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவைப் பகிர்ந்தவரின் வழக்கில், பகிர்ந்தவர் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நிர்வாகி நிலை வேறு. வெறும் நிர்வாகியாக இருந்தார், வேறு பங்கு இல்லை என்றால் அவரைக் குற்றவாளியாகச் சேர்க்க முடியாது என்பது 2021இல் மதுரைக் கிளையின் நிலைப்பாடு. நீங்கள் அதற்கு ஒரு கைதட்டல் பொம்மைகூடப் போடவில்லை என்றால் பயப்பட வேண்டாம். பதிவை உடனே நீக்குங்கள். நீக்குவதற்கு முன் தேதியும் எண்ணும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

இனி செய்ய வேண்டியது. முதலில் சங்கத்தைக் கூட்டி அந்தத் தீர்மானத்தை ரத்து செய்யுங்கள். ரத்து செய்த நகலை நீங்களே நேரில் ஜமாஅத் தலைவரிடம் கொடுங்கள், தபாலில் அனுப்ப வேண்டாம். பிறகு கோயில் நிர்வாகமும் ஜமாஅத்தும் சேர்ந்து கையெழுத்திட்டு நகராட்சி ஆணையருக்கு ஒரே மனு கொடுங்கள். பக்ரீத் நாட்களுக்கும் ஆடித் திருவிழாவுக்கும் நகராட்சி ஆட்டுத்தொட்டியைக் கூடுதல் நேரம் திறக்க வேண்டும், அது தூரம் என்றால் அருகில் மறைப்போடு, தண்ணீர், கழிவுக் குழி வசதியோடு தற்காலிக அங்கீகாரம் பெற்ற இடம் ஒதுக்க வேண்டும், கால்நடை மருத்துவர் வந்து சான்று தர வேண்டும் என்று கேளுங்கள். இரு தரப்பும் சேர்ந்து கேட்கும் மனுவை எந்த ஆணையரும் லேசில் ஒதுக்க மாட்டார். ஒதுக்கினாலோ பதிலே தராவிட்டாலோ, அந்த மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். அதற்கு நேரம் வேண்டும், எனவே பக்ரீத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே மனு உள்ளே போயிருக்க வேண்டும்.

கோயில் தரப்பில் 'சாமி முன்னாடிதான் வெட்டணும்' என்பார்கள். கிடாவுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, தலையாட்டச் சம்மதம் கேட்டு, மாலை போடுவது வரை கோயிலில் நடக்கட்டும், வெட்டு மட்டும் ஒதுக்கிய இடத்தில் என்று பேசிப் பாருங்கள். பூசாரி ஒப்புக்கொள்வாரா என்பது உங்கள் ஊர்ப் பெரியவர்கள் கையில். வட்டாட்சியர் அமைதிக் கூட்டம் கூப்பிட்டால் போங்கள், பேசியதை எழுத்தில் வாங்குங்கள். அங்கே போடும் கையெழுத்து யாருடைய வழிபாட்டு உரிமையையும் தீர்மானித்துவிடாது, ஆனால் பின்னால் நீதிமன்றம் போனால் யார் என்ன ஒப்புக்கொண்டார் என்பதற்கு அது சாட்சி. அதனால் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 'இனி எக்காலத்திலும்' என்று ஒரு வரி இருந்தால், 'இந்த ஆண்டு மட்டும்' என்று திருத்தச் சொல்லுங்கள்.